மருத்துவர் மேரி வர்கீஸ்

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் இரயில் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, ஈரோடு, சேலம் வழியாக இரவெல்லாம் ஓடிக் காட்பாடி நிலையத்தில் நிற்கும். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல அந்நிலையத்தை அறியும். அங்கே இறங்குவோருள் பலர் விடுமுறைக்கு வருபவர் அல்லர். கையில் எக்ஸ்ரே படங்களும் மருந்துச் சீட்டுகளும் அடங்கிய பையுடன் இறங்கி, அருகிலுள்ள வேலூர் மருத்துவமனையை நோக்கிச் செல்பவர்கள். அவர்களுள் மலையாளம் பேசுவோர் பலர் இருப்பர்.

1946 ஆம் ஆண்டில் அந்த வேலூருக்கு நோயாளியாக அல்லாமல் மாணவியாக வந்து சேர்ந்தவர் மேரி வர்கீஸ். அவர் 1925 இல் கொச்சிக்கு அருகே வைப்பின் தீவிலுள்ள செறாய் என்னும் ஊரில், செல்வாக்கு மிக்க குடும்பம் ஒன்றில் பிறந்தார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். மருத்துவராக விரும்பிய பெண்ணுக்கு அக்காலத்துக் கேரளத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிகூட இல்லை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது 1951 இல்தான். கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி அதுவே. ஆகவே மேரி தமிழ்நாட்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. வேலூரில் 1900 ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் சிறு மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி ஒன்றையும் நிறுவியிருந்தார். அதுவே வளர்ந்து கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

மேரியின் தாய்மொழி மலையாளம். வேலூரில் அவர்முன் வந்து அமர்ந்த நோயாளிகளுள் பெரும்பாலோரின் மொழி தமிழ். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நோயாளியின் மொழியில் கேட்கத் தெரியாதவர், எத்தனை நூல் கற்றிருந்தாலும் பாதி மருத்துவரே. வேற்றூரில் வாழ்பவருக்கு அந்த ஊர்மொழி என்ன பொருள் தரும் என்பதைத் திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டம் பெற்றபின் மேரி மகளிர் நோய் மருத்துவத்தில் பயிற்சி மேற்கொண்டார். அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் வேலூருக்கு வெளியே உலாச் சென்றனர். மேரியும் உடன் சென்றார். வழியில் வண்டி விபத்துக்குள்ளாயிற்று. மேரியின் முகம் சிதைந்தது. அதைவிடப் பெரிய கேடு முதுகில் நேர்ந்திருந்தது.

முதுகெலும்பின் நடுவே ஓடுவது தண்டுவடம். மூளையின் ஆணைகளைக் கைகால்களுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் கொண்டுசெல்லும் நரம்புத் திரள் அது. எலும்பு முறிந்தால் கூடும்; தண்டுவடம் அறுபட்டால் மீண்டும் இணைவதில்லை. மேரியின் கால்கள் அசைவையும் உணர்வையும் இழந்தன. அவர் இனி ஒருபோதும் நடக்க இயலாது என்பது தெளிவாயிற்று. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அக்காலத்தில் தண்டுவடம் சிதைந்தவர்கள் நெடுங்காலம் வாழ்வது அரிது. கால்கள் செயலிழந்தமையால் அவர்கள் இறக்கவில்லை. உணர்ச்சியற்ற உடல் ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால் தோலில் குருதி ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும். வலி இல்லாமையால் நோயாளி அதை அறியமாட்டார். படுக்கைப் புண்ணும் சிறுநீரக நோயுமே உயிரைப் பறித்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்க வைத்தல் போன்ற எளிய கவனிப்பால் இவர்களைக் காப்பாற்ற இயலும் என்பதை, இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களிடையே பணியாற்றிய லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் மெய்ப்பித்திருந்தார். அவர் 1948 இல் அவ்வீரர்களுக்காக நடத்திய சிறு விளையாட்டுப் போட்டியே பின்னர்ப் பாராலிம்பிக் ஆக வளர்ந்தது.

மேரி உயிர் பிழைத்தார். பிழைத்தபின் என்ன செய்வது? ஒரு மருத்துவமனையின் கட்டிலில், அங்கே பணியாற்றிய மருத்துவரே நோயாளியாகக் கிடந்தார். குடும்பத்தினர் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று வாழ்நாள் முழுதும் பேணியிருக்கலாம். அக்காலத்தில் பெரும்பாலோர் அதையே நல்வழி என்று எண்ணியிருப்பர்.

வேலூரில் அப்போது பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் கைகளை அவர் ஆராய்ந்து வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றே உலகம் நம்பியிருந்தது. உண்மை வேறு என்று பிராண்ட் கண்டறிந்தார். நோய்க்கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கை உணர்ச்சியை இழக்கிறது. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை எடுக்கும்போதும், கூரிய கருவியைப் பிடிக்கும்போதும் நோயாளி காயத்தை உணர்வதில்லை. காயம் மேல் காயம்பட்டு விரல் குறைகிறது. அத்துடன் சில தசைகள் செயலிழப்பதால் விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கி நின்றுவிடும். அத்தகைய கையால் சோற்றைப் பிசைந்து உண்ணவும் இயலாது. நலமாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு இடம் மாற்றித் தைத்தால் விரல்கள் மீண்டும் நிமிரும். பிராண்ட் அந்த அறுவையைச் செய்துகாட்டினார்.

இந்தக் கை அறுவையில் ஒரு தனித்தன்மை உண்டு. வயிற்றையோ நெஞ்சையோ அறுப்பவர் நின்றுகொண்டுதான் பணிசெய்வார். கையில் நுண்ணிய நரம்புகளையும் நாண்களையும் தேடித் தைப்பவரோ, நோயாளியின் கையைச் சிறு மேசைமீது நீட்டி வைத்து, எதிரே அமர்ந்து பணிசெய்வார். கால் நலமாக உள்ள மருத்துவரும் அமர்ந்தே செய்யும் அறுவை அது. மேரி அந்தப் பணியை மேற்கொள்ளலாம் என்று பிராண்ட் எடுத்துரைத்தார்.

மேரி உடனே மகிழ்ந்து ஏற்றார் என்று எண்ணிவிடக் கூடாது. நேராக உட்காரப் பழகுவதற்கே அவர் நெடுநாள் உழைக்க வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு உட்காருவதும் ஒரு வித்தைதான்; கண்ணால் பார்த்துப் பார்த்துச் சமநிலை கொள்ள வேண்டும். இறுதியில் அவர் சக்கர நாற்காலியில் அறுவை அரங்கினுள் நுழைந்தார். மேசையின் முன் வந்து நின்றபின், அவருக்கும் மற்ற கை அறுவை மருத்துவர்களுக்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று.

மேரியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய மன உறுதியையே புகழ்வார்கள். அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் அவரைப் பற்றி எழுதிய நூல் 1963 இல் வெளிவந்து பல நாடுகளில் படிக்கப்பெற்றது. உறுதி இருந்தது உண்மையே. எனினும் அது பாதி வரலாறுதான். மகளிர் நோய் அறுவைக்கான உயர்ந்த மேசையின் முன் அதே மேரி, அதே உறுதியுடன் ஒன்றும் செய்திருக்க இயலாது. பணி மாறியது, இடம் பொருந்தியது, ஆற்றல் வெளிப்பட்டது.

தொழுநோயாளிகள் அவரை வியப்புடன் நோக்கினர். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய கையைத் தொட்டுத் தைப்பவர், தாமே நடக்க இயலாதவர். முகத்தில் நீண்ட தழும்பு உடையவர். நலமுற்றவர் ஒருவர் கூறும் ஆறுதலைவிட, அந்த நாற்காலி தம் முன்னே உருண்டு வந்த காட்சி அவர்களுக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது.

ஆனால் கை நிமிர்ந்தால் வாழ்வும் நிமிர்ந்துவிடுமா? பிராண்டிடம் அறுவை செய்துகொண்ட ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்து முறையிட்டாராம். மடங்கிய கையைக் கண்டு முன்பு பிச்சையாவது இட்டார்கள். இப்போது கை நன்றாயிருப்பதால் பிச்சையும் கிடைக்கவில்லை, நோயின் அடையாளம் உடலில் இருப்பதால் வேலையும் கிடைக்கவில்லை, தங்க இடமும் தருவாரில்லை என்பதே அவருடைய முறையீடு. வேலூர் மருத்துவர்களை இது உலுக்கியது. கல்லூரி வளாகத்திலேயே சிறு மண்குடில்கள் அமைத்து, ‘நவஜீவ நிலையம்’ என்று பெயரிட்டு, அறுவை முடிந்தவர்களுக்குத் தச்சு முதலிய தொழில்களை அங்கே கற்பித்தனர். கையைத் திருத்துவது மருத்துவரின் வேலை. அந்தக் கைக்கு வேலை தருவது ஊரின் வேலை. ஊர் அதைச் செய்யாவிட்டால் மருத்துவமும் வீணாகும் என்பதை மேரி இங்கே கண்கூடாகக் கண்டார்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்றார். தம்மைப் போன்றோர் உடுத்தவும், குளிக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும் அங்கே பயிற்சி பெற்றார். பிறர் கையை எதிர்பாராமல் தம் வேலைகளைத் தாமே செய்யக் கற்றார். அதன்பின் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நிறுவிய மருத்துவ நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று தேர்ச்சி பெற்றார். பயிற்சி முடிந்தபின் அவர் அங்கேயே தங்கவில்லை. தாயகம் திரும்பி, 1963 இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார்.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே வேலூரில் நட்டுவிட இயலாது. அங்கே நோயாளி வீடு திரும்பினால் வழவழப்பான தரையும் சாய்வுப் பாதையும் காத்திருக்கும். இங்கே தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் திரும்பிச் செல்வது மண்தரையும், குனிந்து நுழையும் வாயிலும் உடைய வீட்டுக்கு. கிணறு ஓரிடம், கழிப்பிடம் வேறிடம். சக்கரம் மணலில் புதையும். வீட்டில் உள்ளவர்கள் அன்பு மிகுதியால் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள்; அந்த அன்பே படுக்கைப் புண்ணாக முடியும். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்கின்றனர். மேரி துறைத் தலைமை ஏற்ற காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தகைய கணக்கு எடுக்கப்படவில்லை.

1966 நவம்பரில், வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பெற்றது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. மருத்துவமனை நோயைப் போக்கும் இடம். மறுவாழ்வு நிலையமோ நோய் போனபின் எஞ்சிய வாழ்வுக்கு ஆயத்தம் செய்யும் இடம். கைகளுக்கு வலிமை ஏற்றுதல், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி அவ்வப்போது உடலை மேலே தூக்கிப் புண் வராமல் காத்தல், கட்டிலிலிருந்து தாமே இறங்குதல், அமர்ந்தபடியே செய்யக்கூடிய தொழில் ஒன்றைப் பழகுதல் என்று பயிற்சி நீளும். நோயாளியுடன் வீட்டார் ஒருவரும் இருந்து கற்றுக்கொள்வது இத்தகைய மருத்துவத்தில் இன்றியமையாதது. எப்போது உதவ வேண்டும் என்பதைவிட, எப்போது உதவாமல் விலகி நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கற்க வேண்டிய கடினமான பாடம். அங்கே வந்து சேர்ந்து, எல்லாம் முடிந்தது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களிடம் வந்து பேசிய தலைமை மருத்துவரும் ஒரு சக்கர நாற்காலியில்தான் வந்தார்.

இந்திய அரசு 1972 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 இல் மேரி வர்கீஸ் காலமானார். விபத்துக்குப்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்திருந்தார். பாகாயத்து நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முன்பு பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் அங்கே கூடும் ஒரு மேளாவும் நடைபெறுகிறது. விளையாட்டும் பாட்டும் நிறைந்த அந்தக் கூட்டத்தில், ஊரில் நேர்ந்த இடர்களையும் கண்ட வழிகளையும் அவர்கள் பகிர்ந்துகொள்வர்.

மேரியின் காலத்தில் ‘முடவர்’ என்னும் சொல்லைத் தமிழர் தயக்கமின்றி வழங்கினர். பின்னர் ‘ஊனமுற்றோர்’ என்றனர். இன்று ‘மாற்றுத்திறனாளி’ என்கிறோம். மலையாளத்தில் வழங்கும் ‘பின்னசேஷி’ என்பதும் ஏறக்குறைய அதே பொருள் தருவது. சொல் மாறியதுபோல் படிக்கட்டுகள் விரைவாக மாறவில்லை. ஏழு குன்றுகளின்மேல் அமைந்தது எனப்படும் திருவனந்தபுரத்தில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்கு வாயிலை அடைய வேண்டுமானால் கற்படிகள் பலவற்றை ஏற வேண்டும். பழைய கடைவீதிகளிலும் படி ஏறாமல் நுழையக்கூடிய கடைகள் சிலவே.

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் இந்தியாவில் 1995 இல், மேரி மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தே இயற்றப்பெற்றது. 2016 இல் வந்த புதிய சட்டம் இருபத்தொரு வகை இயலாமைகளைக் குறிப்பிட்டு, பொதுக் கட்டடங்களுள் அனைவரும் நுழைவதை உரிமையாக்கியது. திருவனந்தபுரத்தின் ஆக்குளத்தில், பேச்சும் கேட்பும் குன்றியவர்களுக்கான 1997 இல் தொடங்கப்பெற்ற ‘நிஷ்’ என்னும் நிறுவனம் இயங்கி வருகிறது.

ஒரு வாயிலைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக்க வேண்டுமானால் கதவின் அகலம் 90 செ.மீ. இருத்தல் நன்று. சாய்வுப் பாதைக்கோ ஓர் எளிய கணக்கு உண்டு. உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளம் தேவை, மூன்று படிகளுக்கு 540 செ.மீ. தேவை. இதைவிடக் குறுகிய பாதை செங்குத்தாகிவிடும். ஏறுபவர் பின்னோக்கி உருள்வார். பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பணி முடிந்தது என்பவர்கள் அதில் ஒருமுறையேனும் நாற்காலியை உருட்டிப் பார்த்தவர் அல்லர். அவ்வளவு நீளத்துக்கு இடமில்லாத வாயில்களில் பாதையை நடுவில் திருப்பி, இரண்டாக மடித்துக் கட்டுவர். திரும்பும் மூலையில் நாற்காலி சற்று நின்று செல்லச் சமதளம் விடுவர்.

சொற்பொருள்

தண்டுவடம் – முதுகெலும்பின் நடுவே செல்லும் நரம்புத் திரள்
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
உலா – பொழுதுபோக்காகச் சென்று வருதல்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
கண்கூடாக – நேரில் தெளிவாக

பயிற்சி

1. மேரி வர்கீஸ் மருத்துவம் பயிலத் தமிழ்நாட்டுக்குச் செல்ல நேர்ந்தது ஏன்?
2. கை அறுவை மேரிக்குப் பொருத்தமான பணியாக அமைந்தது எவ்வாறு?
3. கை திருத்தப்பெற்றவர் திரும்பி வந்து முறையிட்டது எதைப் பற்றி? அவருடைய ஊரார் என்ன செய்திருக்கலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உங்கள் பள்ளி வாயிலின் படிகளை அளந்து, அங்கே அமைய வேண்டிய சாய்வுப் பாதையின் நீளத்தைக் கணக்கிடுக. அதனைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் வரைக.